சத்தம் வராத வாத்தியம்

அவசரப் பிரிவுக்கு வெளியே கிடந்த சிமெண்ட் பெஞ்சில் பாக்கியம் அக்கா உட்கார்ந்திருந்தார். வீட்டில் கட்டியிருந்த பழைய நூல் சேலை. காலில் செருப்பு இல்லை. மடியில் அவர் கணவர் வேலு அண்ணனுடைய வெள்ளைச் சட்டை. அதை அவருக்கு மாட்டிவிட நேரமில்லாமல் ஆட்டோவில் கையோடு எடுத்து வந்திருக்கிறார்.

நான் போய் எதிரில் நின்றேன். டெட்டால் வாடையும் யாரோ பிரித்து வைத்திருந்த சாம்பார் சாதத்தின் வாடையும் கலந்து வந்தன. அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, நீங்க வீட்ல இல்லையா?"

"இல்லக்கா. கடைக்குப் போயிருந்தேன்."

சரி என்பது மாதிரித் தலையை அசைத்துவிட்டு மறுபடி கதவைப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் கடைக்குப் போகவில்லை. வீட்டில்தான் இருந்தேன். அக்கா வீட்டுக்கு நேர் மேலே, மாடி அறையில், இரண்டு காதையும் ஹெட்போனால் மூடிக்கொண்டு டிரம் பேடு வாசித்துக்கொண்டிருந்தேன். கீழே அண்ணன் விழுந்ததும், அக்கா கூப்பிட்டதும், ஆட்டோ வந்து போனதும் எனக்குத் தெரியாது. அந்த வெட்கத்தில் வாயில் வந்த பொய் அது. யோசித்துச் சொன்னதில்லை. யோசித்திருந்தால், என் பைக் வாசலிலேயே நின்றதாவது ஞாபகம் வந்திருக்கும்.

இந்தத் தொடரில் இதுவரை மேடைக் கதைகளாகச் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். இந்த வாரம் மேடை கிடையாது. ஒரு மாடி, ஒரு கீழ் வீடு, நடுவில் ஒரு கான்கிரீட் தளம். அவ்வளவுதான்.

பட்டனைத் தட்டினால் வருவதா?

குன்றாண்டார்கோயில் பக்கத்துக் கச்சேரியில் மழை வந்து நாங்கள் எல்லோரும் ஸ்பீக்கர் பெட்டிக்குள் தலையை நுழைத்த கதையை எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டுக் கீரனூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். பேடு வாசிக்கிறேன் என்கிறீர்களே, தட்டினால் மெஷின் சத்தம் போடுகிறது, இதில் வாசிப்பு எங்கே இருக்கிறது என்று.

நியாயமான கேள்வி. என் மாமனார் கல்யாணமான நாளிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பார்க்க அது ஒரு கறுப்புப் பெட்டி. மேலே ரப்பர் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியில், மேலே விழும் அடியின் அதிர்வைப் பிடிக்கும் ஒரு சின்னத் தகடு. குச்சியாலும் அடிக்கலாம், என்னுடையதில் வெறும் கையாலும் அடிக்கலாம். மெல்லத் தொட்டால் மெல்லப் பேசும், ஓங்கி அடித்தால் ஓங்கிப் பேசும். விரலை அழுத்தி நகர்த்தினால் டோலக்கின் இடது பக்கம் மாதிரியே சத்தம் குழைந்து ஏறும். உள்ளே இருப்பது எங்கோ யாரோ நிஜத் தோலில் அடித்துப் பதிவு செய்த ஒலி. அதோடு எந்தத் தோலிலும் வராத ஒலிகளையும் மெஷின் தானே செய்து கலக்கும். யாரோ அடித்த அடிதான். ஆனால் எந்த இடத்தில், எவ்வளவு கனத்தில், எவ்வளவு தயங்கி என்பதெல்லாம் என் கை.

அதற்கு முன்னால் பல வருஷம் டோலக் வாசித்தவன் நான். ஐப்பசி மழையில் தோல் நமத்துப்போய், கச்சேரி தொடங்குகிற நேரத்தில் அதை இறுக்க ஸ்பானரைத் தேடி ஓடியவன். பேடு வந்தபோது எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. பாடுகிறவர் சுருதியை மாற்றினால் நான் ஒரு பட்டனை அமுக்கினால் போதும். நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி.

பெட்டியோடு தரையில் ஒரு கால் பெடல் உண்டு. அது மோதுகிற சின்ன மெத்தைக்குக் கிக் பேடு என்று பெயர். காலால் அமுக்கினால் பெரிய டிரம்மின் 'தும்' கேட்கும்.

இந்தப் பெட்டிக்கு ஒரு குணம். அதற்கு அடி என்றால் என்னவென்று தெரியாது, அதிர்வு மட்டும்தான் தெரியும். மேடைப் பலகையில் யாராவது தொப்பென்று குதித்தால், நாம் காலை அசைக்காமலேயே கிக் பேடு 'தும்' என்று கேட்டுவிடும். அதனால் உள்ளே ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். இதற்குக் கீழே வரும் அதிர்வை மதிக்காதே என்று அதற்கு நாம் சொல்லி வைக்கலாம். அந்த அளவை ஏற்றுவதும் இறக்குவதும் எங்கள் தொழிலில் பாதி வேலை.

கீரனூர் வாசகருக்காக மட்டும் இவ்வளவு விளக்கவில்லை. அன்று நான் செய்த காரியம் இந்த அளவை ஏற்றியதுதான்.

கண்டக்டர் அண்ணன்

நாங்கள் திருக்கோகர்ணத்து மாடி வீட்டுக்கு வந்ததே ஒரு விரட்டலுக்குப் பிறகுதான். முந்தைய வீட்டுக்காரர் என் டோலக்கை இரண்டு வருஷம் பொறுத்துக்கொண்டார். மூன்றாவது வருஷம் அவர் மகள் பிளஸ் டூ. காலி செய்யச் சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பே சொல்ல முடியாது.

அதனால் புது வீடு பார்க்கப் போனபோதே ஹெட்போனைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். பாக்கியம் அக்காவிடம் அதைக் காட்டி, இதை மாட்டிக்கொண்டால் சத்தம் முழுக்க என் காதுக்குள்ளேயே இருக்கும், வெளியே ஒரு பொட்டு வராது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். என் மனைவி ரேவதி பக்கத்தில் நின்று, அன்னவாசல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தான் டீச்சர் என்று சொன்னாள். வீடு கிடைத்தது எனக்காகவா அவளுக்காகவா என்பதில் இன்றுவரை எங்களுக்குள் தகராறு.

வீட்டுக்காரர் வேலு அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரும்பாலும் நார்த்தாமலைப் பக்கம் ஓடிய வண்டி. விசிலைவிட உள்ளங்கையையே அதிகம் நம்பியவர். வண்டித் தகரத்தில் இரண்டு தட்டு என்றால் போகலாம், ஒரு தட்டு என்றால் நில். முதல் வாரமே மாடிக்கு வந்து என் பேடைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். ரப்பரில் பட்பட்டென்று இரண்டு தட்டு தட்டினார். காதுக்குள் என்ன கேட்டதோ, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாவது மேலே வருவார். தபேலாச் சத்தம் வைக்கச் சொல்வார், உறுமிச் சத்தம் வைக்கச் சொல்வார். எதை வைத்தாலும் இரண்டு தட்டுத்தான். அக்கா மட்டும் வந்ததில்லை. அவருக்கு இரண்டு முட்டியிலும் வலி. படி ஏறுவது பெரும்பாடு.

எனக்கு அந்த வீட்டில் ஒரு பெருமை இருந்தது. ஊரிலேயே யாருக்கும் தொந்தரவு தராத டிரம்மர் நான்தான் என்று எங்கள் கச்சேரிக் குழுவில் சொல்லிக்கொண்டு திரிவேன். அறைக்குள் ரப்பரில் குச்சி படும் டொக் டொக் கேட்கும், பெடல் மெத்தையில் மோதுவது கேட்கும். அதெல்லாம் தளத்தைத் தாண்டாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். கீழே போய் நின்று கேட்டுப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் வாசிப்பவனும் நான், கேட்க வேண்டியவனும் நான். இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. பேடு வாசிக்கும் நண்பர்கள் பலர் இன்றும் இந்த நம்பிக்கையில்தான் மாடி வீடுகளில் குடியிருக்கிறார்கள்.

கீழே இருந்து அவர்கள் ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை.

தானாகக் கேட்ட தும்

பள்ளிக்கூடம் உள்ள ஒரு நாள். ரேவதி காலையிலேயே போய்விட்டாள். பதினொரு மணி வாக்கில் ஒரு புதுப் பாட்டுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். பாட்டு என் போனிலிருந்து பெட்டிக்குள் போகும். நடுவில் யாராவது கூப்பிட்டால் பாட்டு அறுந்துவிடும் என்று போனை விமானப் பயன்முறையில் போட்டிருந்தேன்.

பல்லவி முடிந்து முதல் இடையிசை தொடங்கும் இடம். காதில் ஒரு 'தும்' கேட்டது. என் கால் அசையவில்லை.

மறுபடி 'தும்.' ஒரு சின்ன இடைவெளி. அப்புறம் 'தும், தும்.'

நல்ல, கனமான, சுத்தமான பெரிய டிரம் சத்தம். தாளத்துக்கு மட்டும் சம்பந்தமில்லாமல் வந்தது. எனக்கு எரிச்சல். பெடல் புதிது. அது சரியாக உட்காரவில்லை, ஒரு அடிக்கு இரண்டு அடியாகத் தருகிறது என்று நினைத்தேன். குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றாமலேயே, குனிந்து பெடலின் திருகாணியை இறுக்கினேன். மறுபடியும் 'தும்.' சரி, இது அந்த அளவில்தான் கோளாறு என்று எழுந்து, பெட்டியின் பட்டன்களை அமுக்கிக் கிக் பேடின் அளவைத் தேடிப் பிடித்து, இரண்டு மூன்று படி ஏற்றி வைத்தேன்.

தும் நின்றுவிட்டது.

அது நின்றதும் எனக்கு வந்தது முழுத் திருப்தி.

பாட்டை நான் நிறுத்தியிருக்கவில்லை. அது ஓடிக்கொண்டே இருந்தது. முதல் சரணம் முடிந்து பல்லவி திரும்ப வருகிற இடத்தில் குச்சியை எடுத்துச் சேர்ந்துகொண்டேன். அதே பாட்டை இன்னும் மூன்று தரம் வாசித்தேன். தண்ணீர் குடிக்க ஹெட்போனைக் கழற்றியபோதுதான் தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டது.

கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தேன். தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர் கையெல்லாம் கரியோடு கேட்டருகில் நின்றிருந்தார். வேலு அண்ணன் ஹாலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டதாகவும், அக்கா தெருவுக்கு ஓடி வந்து கத்தியதில் தான்தான் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டதாகவும் சொன்னார். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் பைக்கை எடுத்தேன். பெஞ்சில் நடந்ததை முன்பே சொல்லிவிட்டேன்.

பொழுது சாய்வதற்குள் அண்ணன் போய்விட்டார். பெரிய அட்டாக் என்றார் டாக்டர். கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் என்று சொந்தக்காரர் ஒருவர் ஆரம்பித்தார். எல்லாச் சாவிலும் யாராவது ஒருவர் சொல்வதுதான் அது. டாக்டர் அதற்குத் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நான் அங்கிருந்து நகர்ந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டேன்.

கூரையில் பத்துத் தழும்பு

அதற்குப் பிறகு அந்தக் கடைக் கதையை யார் கேட்டாலும் சொன்னேன். தெருக்காரர்களிடம் சொன்னேன், குழுவில் சொன்னேன். சொல்லச் சொல்ல அதில் ஒரு கடையும், நான் வாங்கப் போன பேட்டரி செல்லும்கூடச் சேர்ந்துகொண்டன. ரேவதி மட்டும் அந்த செல் எங்கே என்று கேட்டாள். அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை ரேடியோகூடப் பாடாது. எனக்கும் அது தெரியும். ஆனால் எட்டாம் நாள், அடுத்து வந்த ஒரு கச்சேரிக்காக, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வாசித்தேன். யாருக்கும் கேட்காதே என்ற தைரியம். நடுவில் ஜன்னல் வழியே பார்த்தால், அக்காவின் தம்பி படிக்கட்டின் பாதியில் நின்று என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். கீழே யாரோ கூப்பிட்டிருப்பார்கள்போல, திரும்பி இறங்கிப் போய்விட்டார். துக்கத்தில் இருக்கிறார், மொட்டைமாடியில் பீடி குடிக்க வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கருமாதிக்கு ஹாலில் பந்தி. தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது மின்விசிறி தள்ளாடுகிற மாதிரி இருந்ததால் மேலே பார்த்தேன். விசிறிக்குப் பக்கத்தில் கூரையில் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. ஒரு இடத்தில் இல்லை, பத்து இடத்தில். எல்லாம் ஒரு ரூபாய்க் காசு அளவு. சில இடத்தில் சிமெண்ட் தெரிகிற அளவுக்கு ஆழம். மூலையில் ஒட்டடைக் கம்பு சாத்தியிருந்தது. அதன் நுனி பிளந்திருந்தது.

அந்த இடத்துக்கு நேர் மேலேதான் என் கிக் பேடு இருக்கிறது.

சோறு கையில் இருந்தது. அக்கா கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். போன் போட்டுப் பார்த்திருக்கிறார், கிடைக்கவில்லை. கம்பை எடுத்துக் கூரையில் குத்தியிருக்கிறார். அந்தக் குத்து தளத்தில் ஏறி, தரையில் ஏறி, கிக் பேடில் ஏறி, பெரிய டிரம்மாக மாறி என் காதுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. பெட்டிக்குக் கேட்டிருக்கிறது. கேட்டதை அப்படியே எனக்கும் சொல்லியிருக்கிறது. இந்த மாதிரி அதிர்வையெல்லாம் மதிக்காதே என்று அதற்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

எனக்குப் பக்கத்து இலைக்காரரும் மேலே பார்த்துவிட்டு, கூரை ஏன் இப்படிப் பொரிந்து கிடக்கிறது என்று கேட்டார். மூலையில் உட்கார்ந்திருந்த அக்கா, ஒட்டடை அடித்தபோது கம்பு பட்டிருக்கும் என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். பாயசம் போட வந்தவரைக் கையை நீட்டி மறித்துவிட்டு எழுந்துகொண்டேன்.

எட்டு மாதம்

ரேவதி ஒரே வார்த்தைதான் சொன்னாள். போய்ச் சொல்லிவிடுங்கள். நான் நாளைக்கு என்றேன். முப்பதாம் நாள் கும்பிட்ட பிறகு என்றேன், பொங்கலுக்குப் பிறகு என்றேன். சொல்லாமல் இருக்கக் காரணமா கிடைக்காது?

அக்கா எப்போதும்போல்தான் இருந்தார். எங்கள் வீட்டில் இரண்டு பேரும் வெளியூர் போனால் பால் பாக்கெட்டை எடுத்து வைத்தார். மொச்சைக் குழம்பு வைத்தால் தூக்கில் ஊற்றி, படிக்கட்டின் கீழே நின்று குரல் கொடுப்பார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு உடம்பு தூக்கிப் போடும். இப்போது ஒரு காதை மூடி ஒரு காதைத் திறந்து வைத்துத்தான் வாசித்தேன். பேடுக்கு அடியில் பழைய மெத்தையை மடித்துப் போட்டேன். போனைத் திறந்தே வைத்தேன். பாட்டு அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும்.

ஆனாலும் அக்கா என் பொய்யை நம்பிவிட்டார் என்றே நினைத்திருந்தேன். தான் கம்பால் குத்தியபோது மேலே ஆளே இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும், அதுதான் அவருக்கும் நல்லது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதையும் மீறித் தூக்கை வாங்கப் போகிற ஒவ்வொரு தடவையும் கூசியது. கடைசியில் வீட்டைக் காலி செய்வது என்று முடிவெடுத்தேன். காரணம் கேட்டால் ரேவதிக்கு அறந்தாங்கிக்கு மாற்றல் என்று சொல்லிவிடலாம். ரேவதி கோபத்தில் பாத்திரத்தைத் தொப்பென்று வைத்தாள். போவதென்றால் போவோம், ஆனால் தன் பெயரை வைத்து இன்னொரு பொய் சொல்லக் கூடாது என்றாள்.

அவள் பள்ளிக்கூடம் போன பிறகு இறங்கிப் போனேன்.

படிக்கட்டின் கீழே

அக்கா கடைசிப் படியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் மாற்றல் கதையை ஆரம்பித்தேன். பாதியிலேயே அவர், இந்தப் பள்ளிக்கூடத்திலேயே இன்னும் மூன்று வருஷம் இருக்கலாமாம் என்று நேற்றுத்தானே ரேவதி சொன்னாள் என்றார். குரலில் குத்தல் இல்லை. தெரிந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்குப் போகவில்லை, மேலேதான் இருந்தேன், குத்தியது காதில் விழுந்தது, மெஷின் கோளாறு என்று நினைத்து அதை அடக்கி வைத்தேன், எல்லாம். மெஷினைப் பற்றிச் சொன்னது அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கீரை உருவும் கை நிற்கவே இல்லை.

"தெரியும் தம்பி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நீங்க அடிக்கிறது எப்பவுமே கீழ கேக்கும். டொக்கு டொக்குன்னு, நீங்க வந்த மொத நாள்லருந்தே கேக்கும். அவுகதான் சொல்லாதன்னாக. சத்தம் வரலன்னு நம்பிக்கிட்டு இருக்காரு, சொன்னா அப்பறம் கை ஓடாதுன்னாக. அன்னைக்கும் கேட்டுச்சு. நான் இங்கிட்டுக் கூப்பிடுறேன், அங்கிட்டு நீங்க அடிச்சுக்கிட்டு இருக்கீங்க."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு தூக்குக் குழம்பையும் தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார். எட்டாம் நாள் படி ஏறிய தம்பியைக் கூப்பிட்டு இறக்கியதும் அவர்தானாம். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கீரையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒன்னு கேக்கணும் தம்பி. நான் கம்பால குத்துனேன். நீங்க நிறுத்துனீங்க. சரி, கேட்டுருச்சு, எறங்கி வாராருன்னு அவுகளத் தரையில விட்டுட்டு இந்தா, இங்கன வந்து நின்னேன். நிக்கிறேன், நிக்கிறேன், நீங்க வரல. மறுபடி அடிக்க ஆரம்பிச்சிட்டீங்க. அப்பறந்தான் தெருவுக்கு ஓடுனேன்." அந்த இடத்தையே பார்த்தார். "எம்புட்டு நேரம் தம்பி நான் இங்கன நின்னேன்?"

எட்டு மாதமாக என் குற்றத்தை மட்டுமே சுமந்து திரிந்தவன் நான். அவருக்கென்று ஒன்று இருக்கும் என்று நினைத்ததே இல்லை. தனக்கு அரைமணி நேரம் நின்ற மாதிரி இருக்கிறது என்றார். படுத்தால் அதுதான் வருகிறதாம். முதல் குத்திலேயே தெருவுக்கு ஓடாமல் மரம் மாதிரி நின்றுவிட்டேனே என்று. அதை யாரிடம் போய்க் கேட்பது? மேலே இருந்தவனுக்குத்தான் தெரியும். மேலே இருந்தவனோ கடைக்குப் போயிருந்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"ரெண்டு நிமிசம்கூட இருக்காதுக்கா" என்றேன்.

அவர் நம்பவில்லை. ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஏற்கெனவே ஒரு தடவை முகத்துக்கு நேரே பொய் சொன்னவன் நான். எப்படி நம்புவார்?

பாட்டை நான் நிறுத்தவில்லை என்பதைச் சொன்னேன். எந்த இடத்தில் குச்சியைக் கீழே வைத்தேன், எந்த இடத்தில் எடுத்தேன் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பாட்டின் நீளம் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். அடித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு படியில் கையை ஊன்றி எழுந்து, அன்று நின்ற இடத்தில் போய் நின்றுகொண்டார்.

மாடி ஏறிப் பேடுக்கு அடியில் இருந்த மெத்தையை உருவினேன். ஒரு காதில் மட்டும் ஹெட்போன். அதே பாட்டைப் போட்டு, பல்லவி முழுக்க வாசித்தேன். இடையிசை தொடங்கும் இடத்தில் குச்சிகளைக் கீழே வைத்தேன். திறந்திருந்த காதில் தெரு கேட்டது. யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. கீழே அவர் நின்றுகொண்டிருக்கிறார் என்று தெரிந்து, சும்மா உட்கார்ந்து இடையிசையைக் கடப்பதும் சரணத்தைக் கடப்பதும் அவ்வளவு லேசாக இல்லை. என் வாழ்நாளில் எந்தப் பாட்டையும் அப்படி எண்ணிக் கேட்டதில்லை. பல்லவி திரும்ப வந்தது. குச்சியை எடுத்து அடித்தேன். நாலு சுற்று அடித்துவிட்டு இறங்கி ஓடினேன்.

அக்கா ஒரு கையைச் சுவரில் வைத்தபடி அங்கேயே நின்றிருந்தார்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தாங்க்கா."

"எனக்காகக் கொறச்சு அடிக்கலல்ல?"

"இல்லக்கா. பாட்டு ஓடிக்கிட்டே இருந்துச்சு. அதக் கூட்டவும் முடியாது, கொறைக்கவும் முடியாது."

அவர் மெல்லப் படியில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தார். எட்டு மாதமாக அவருக்கு வேண்டியிருந்தது இந்த ஒன்றுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் அவர் கண்ணில் படாமல் ஒளிந்து ஒளிந்து நடந்திருக்கிறேன்.

இன்னொரு தரம் அடித்துக் காட்டச் சொன்னார். நான் மறுபடி மாடி ஏறினேன்.